பல்கலைக்கழகத்தாரின் பணியிடமும் பணிக்காலமும்

தோற்றுவாய்

கல்விக்கழகங்களைப் பற்றிப் பேசப் புகுவார் பெரும்பாலும் கற்பிப்பாரையும் கற்பாரையும் பற்றியே பேசி அமைவர். அவ்விரு சாரார்க்கும் இடையே நின்று, விண்ணப்பங்களை வாங்கியும், கணக்கெழுதியும், நூல்களை ஒழுங்குபடுத்தியும், ஆய்வுக்கூடத்தைத் துலக்கியும், வாயில் காத்தும் கழகத்தை நடத்துவார் பலர் உளர். கற்பிப்பாரும் இவரும் ஆகிய பல்கலைக்கழகத்தார் யாவர்தம் பணியும் எவ்விடத்து நிகழ்தல் வேண்டும், எக்காலத்து நிகழ்தல் வேண்டும் என்னும் வினா, சென்ற சில ஆண்டுகளாக உலகின் பல பாகங்களில் ஆராயப்பட்டு வருகின்றது. அதனை நாமும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்று உண்டு. எம் அத்தையார் ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் பதினேழு ஆண்டு எழுத்தராய் இருந்தவர். கணவரை இழந்தபின் தம் தாயாருடன், அஃதாவது எம் பாட்டியாருடன், வாழ்ந்து வந்தார். பாட்டியாருக்குப் பக்கவாதம் கண்டது. காலையில் அவரை எழுப்பி, உடம்பு துடைத்து, உணவூட்டி, பார்த்துக்கொள்ளும் பெண் வந்து சேர்ந்த பின்னரே அத்தையார் வீட்டினின்று புறப்படல் கூடும். அப்பெண் வருவது பத்தரை மணிக்கு. அலுவலகம் தொடங்குவதோ பத்து மணிக்கு. தாம் பதினொரு மணிக்கு வந்து, மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து வேலையை முடித்துத் தருவதாக அவர் விண்ணப்பித்தார். 'இதற்கு முன்மாதிரி இல்லை' என்று விடை வந்தது. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்தபின் அவர் வேலையைவிட்டு நீங்கினார். அதே ஆண்டில் அதே கழகத்துப் பேராசிரியர் சிலர் வகுப்பு முடிந்தவுடன் வீடு சென்று, அங்கிருந்தே விடைத்தாள் திருத்தியும் கட்டுரை வரைந்தும் வந்தனர். அதனை எவரும் குறை கூறவில்லை; கூற வேண்டுவதும் இல்லை. ஒருவர்க்குக் கேளாமலே அமைந்த ஒன்று மற்றொருவர்க்குக் கேட்டும் கிடையாமற் போயது ஏன் என்பதே எம் உள்ளத்து எழுந்த ஐயம். அவ்வையமே இக்கட்டுரைக்கு வித்து.

நெகிழ்வின் மூவகை

முதற்கண் சொற்பொருளைத் தெளிந்துகோடல் வேண்டும். பணியில் 'நெகிழ்வு' என்று இக்காலத்தார் கூறுவது கட்டுக்கோப்பின்றித் திரிதலைக் குறிப்பதன்று. செய்ய வேண்டிய வேலையின் அளவும் தரமும் குன்றாது நிற்க, அதனைச் செய்யும் இடமும் நேரமும் பணியாளரின் நிலைக்கேற்ப வளைந்து கொடுத்தலையே அச்சொல் குறிக்கும்.

அந்நெகிழ்வு மூவகைப்படும். முதலாவது இடநெகிழ்வு. பணியாளர் அலுவலகத்துக்கு வாராது தம் வீட்டிலிருந்தோ பிறிதோர் ஊரிலிருந்தோ பணிபுரிதல் இது. வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் இருந்து செய்யும் கலப்பு முறையும் இதன்பாற்படும். இரண்டாவது காலநெகிழ்வு. வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் மாற்றிக்கோடலும், ஐந்து நாள் வேலையை நெடிய நான்கு நாளில் முடித்தலும் இதன்கண் அடங்கும். மூன்றாவது அளவுநெகிழ்வு. முழுநேரப் பணியைப் பகுதிநேரமாகச் சுருக்கிக்கோடலும், ஒரு பதவியை இருவர் பகிர்ந்து வகித்தலும், கல்விப் பருவத்தில் மட்டும் பணிபுரிந்து நெடுவிடுமுறையில் விலகியிருத்தலும் இதற்கு எடுத்துக்காட்டாம்.

இம்மூன்றையும் பிரித்தறியாது, நெகிழ்வென்றாலே வீட்டிலிருந்து வேலை செய்தல் என்று பலரும் கருதுகின்றனர். அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாத வேலையையுடையார்க்கு நெகிழ்வே இல்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். எம் அத்தையார் கேட்டது இடநெகிழ்வன்று. ஒரு மணி நேரத்துக் காலநெகிழ்வே என்பதை ஈண்டு நினைவுகூர்க.

வரலாறு

கல்வித்தொழில் அலுவலகக் கடிகாரத்தோடு பிறந்ததன்று. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ ஊர்ப் பெரியார் ஒருவர் வீட்டுத் திண்ணையோ பள்ளியாயிற்று. அங்கே வீடும் பணியிடமும் ஒரு சுவரையே இடையிட்டு நின்றன.

மேனாட்டில் இதற்கு மறுதலையான வழக்கம் ஒன்று இருந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு பழம்பெரும் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரி ஆசான்மார் கல்லூரிக்குள்ளேயே உறைந்து, ஒரு மேசையில் உண்டு வாழ்ந்தனர். அவருள் பெரும்பாலோர் மணம் செய்துகொண்டால் அப்பதவியை இழத்தல் வேண்டும் என்பது விதி. 1877ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே புதிய விதிகள் வகுக்கப்பட்டு, 1882ஆம் ஆண்டை ஒட்டி அவை நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னரே ஆசான்மார் மணந்து, நகரத்தில் தனி வீடமைத்து வாழ்ந்துகொண்டே கற்பித்தல் பெருவழக்காயிற்று. பணியாளரின் இல்வாழ்க்கைக்குப் பல்கலைக்கழகம் வளைந்து கொடுத்த பெரிய நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று எனலாம். பல நூற்றாண்டு நிலவிய விதி நீங்கியும் அக்கழகங்கள் இரண்டும் சீர்குலைந்துவிடவில்லை.

காலநெகிழ்வின் தோற்றம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. மியூனிக் நகரை அடுத்த ஓட்டோபுருனில் இருந்த வானூர்தித் தொழிற்சாலை ஒன்றில், காலையில் எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்தமையால் ஊர்திகள் நெருங்கி வழியடைத்தன. 1967ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஒரு புதுமுறையைக் கைக்கொண்டது. நடுப்பகலை ஒட்டிய சில மணி நேரம் அனைவரும் இருத்தல் வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அவரவர் தமக்கேற்ற நேரத்தில் வரலாம், போகலாம். மொத்த நேரம் மட்டும் குறைதல் ஆகாது. இம்முறை விரைவில் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் பரவிற்று. தெருவில் ஏற்பட்ட நெருக்கடியே காலநெகிழ்வுக்குத் தாயாயிற்று என்பது வியத்தற்குரியது.

இடநெகிழ்வின் பெயர் பிறந்தது ஒரு பல்கலைக்கழகத்திலேயே. விண்வெளித் துறையில் பொறியியலாளராய் இருந்த ஜாக் நில்ஸ் என்பார், 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, நகரின் நடுவே உள்ள அலுவலகத்துக்கு நாடோறும் ஊர்தியில் ஓடுவதற்கு மாறாகத் தொலைத்தொடர்பின் வழியே வேலையை மக்கள்பால் கொண்டுசெல்லல் இயலுமோ என்று ஆராய்ந்தார். அதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயரிட்டவர் அவரே. எண்ணெய்த் தட்டுப்பாடு தோன்றிய ஆண்டும் அதுவே ஆகலின், அவ்வாராய்ச்சி பலர் கவனத்தையும் ஈர்த்தது.

பெயர் பிறப்பதற்கு முன்னரே செயல் தொடங்கிவிட்ட கழகம் ஒன்றும் உண்டு. அது பிரிட்டனிலுள்ள திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பிரதமர் ஹரால்ட் வில்சனின் அரசில் ஜென்னி லீ அம்மையாரின் முயற்சியால் 1969ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றுத் தோன்றிய அக்கழகம், 1971ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தன் முதல் மாணவர்க்குக் கற்பிக்கத் தொடங்கிற்று. தலைமையகம் மில்டன் கீன்ஸ் என்னும் ஊரில் இருப்பினும், மாணாக்கரும் அவர்க்கு வழிகாட்டும் ஆசிரியரும் நாடெங்கும் பரந்திருந்தனர். ஆசிரியர் பெரும்பாலும் பகுதிநேரத்தார். தம் வீட்டிலிருந்தே தபால் வழியாக வந்த பயிற்சித்தாள்களைத் திருத்தி, குறிப்பெழுதி, மீண்டும் தபாலிலேயே அனுப்பினர். கணினியும் இணையமும் வீடுதோறும் புகுவதற்கு முன்னரே, இவ்வாறு பல்கலைக்கழகப் பணி இல்லத்தில் நிகழ்தல் கூடும் என்பது நிலைநாட்டப்பட்டது.

பிறகு 2020ஆம் ஆண்டு வந்தது. மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றியது. 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 25ஆம் நாள் முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நிலவிற்று. யாம் அக்காலத்தில் பள்ளிச் சிறுவராய் இருந்தோம். கைப்பேசியின் சிறு திரையில் ஆசிரியர் முகத்தைத் தேடியது இன்றும் நினைவில் உள்ளது. பல ஆண்டு ஆலோசித்தும் செய்யத் துணியாத மாற்றத்தைப் பல்கலைக்கழகங்கள் சின்னாட்களில் செய்து முடித்தன. 'இயலாது' என்று கூறப்பட்டவற்றுள் பல இயலும் என்பது வெளிப்பட்டது. இயன்றதெல்லாம் நன்றோ என்பது வேறு வினா.

சட்டத்தின் நிலை

இத்துறையில் பிரிட்டன் சட்டம் படிப்படியாக வளர்ந்த முறை அறியத்தக்கது. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையோ, உடற்குறையுடைய பதினெட்டு வயதுக்குட்பட்ட மக்களையோ உடைய பெற்றோர் மட்டும் நெகிழ்வு வேண்டி விண்ணப்பிக்கும் உரிமை பெற்றனர். 2007ஆம் ஆண்டில் முதியோரையும் நோயாளரையும் பேணுவோர்க்கும் அது விரிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் முதல், இருபத்தாறு வாரம் பணிபுரிந்த எல்லாப் பணியாளரும் காரணம் எதுவாயினும் கேட்கலாம் என்றாயிற்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் முதல், பணியில் அமர்ந்த முதல் நாளே கேட்கலாம். ஓராண்டில் இருமுறை கேட்கலாம். தலைவர் இரு திங்களுக்குள் முடிவு கூறல் வேண்டும். மறுப்பதற்கு முன் பணியாளரோடு கலந்து பேசல் வேண்டும் என்று விதி அமைந்தது.

இவ்வுரிமை கேட்கும் உரிமையே, பெறும் உரிமையன்று. மறுத்தற்குரிய காரணங்களாகச் செலவு மிகுதல், வருவோர்க்கு ஊழியம் குன்றுதல், வேலையைப் பிறர்க்குப் பகிர்தல் இயலாமை, புதியவரை அமர்த்தல் இயலாமை, தரம் தாழ்தல், செயல்திறன் குறைதல், அவர் கேட்ட நேரத்தில் போதிய வேலை இன்மை, அமைப்பு மாற்றம் வரவிருத்தல் என எட்டினைச் சட்டம் எண்ணித் தந்துள்ளது. 'முன்மாதிரி இல்லை' என்பது அவ்வெட்டனுள் ஒன்றாக இல்லை. கேட்கும் உரிமை சிறிதெனத் தோன்றினும், மறுப்பவர் காரணம் தேடிச் சொல்ல வேண்டுதலால் அது பெரும்பயன் தருவதாம். நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டில் பேறுகால நலச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம், வேலையின் தன்மை இடந்தருமாயின், விடுப்பு முடிந்தபின்னும் தாய் வீட்டிலிருந்தே பணிபுரியத் தலைவரும் பணியாளரும் உடன்பட்டுக்கொள்ளலாம் என்று வழி வகுத்தது.

நன்மைகள்

நெகிழ்வினால் வேலை கெடும் என்பார் கூற்றைச் சோதித்தறிந்தாரும் உளர். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பேராசிரியர் நிக்கலஸ் புளூம் என்பாரும் அவர்தம் துணைவரும், ஷாங்காய் நகரிலிருந்த பயண ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றின் தொலைபேசிப் பணியாளருள் விருப்பமும் தகுதியும் உடைய 249 பேரை எடுத்துக்கொண்டனர். அவருள் பிறந்த நாள் இரட்டை எண்ணாக அமைந்தார் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், ஏனையோர் அலுவலகத்திலிருந்தும் ஒன்பது திங்கள் பணிபுரிந்தனர். வீட்டிலிருந்தார் வேலை நூற்றுக்கு 13 பங்கு மிகுந்தது. வேலையைவிட்டு நீங்குவார் தொகை பாதியாகக் குறைந்தது. 2015ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளிவந்தது.

அதே நிறுவனத்தின் பட்டதாரிப் பணியாளர் 1,612 பேரிடம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஆறு திங்கள் நடந்த மற்றொரு சோதனையில், ஒரு சாரார் வாரத்துக்கு இரு நாள் வீட்டிலிருந்து பணிபுரிந்தனர். அவரிடை வேலை துறத்தல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. திறனிலும் பதவி உயர்விலும் வேற்றுமை காணப்படவில்லை. தொடக்கத்தில் வேலை நூற்றுக்கு 2.6 பங்கு குறையும் என்று கருதிய மேலாளர், முடிவில் 1 பங்கு கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். 2024ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் ஆராய்ச்சி இதழில் இம்முடிபுகள் வெளியாயின.

இவை வாணிக நிறுவனத்துச் சோதனைகள். தொலைபேசி அழைப்புக்களை எண்ணுவதுபோல் ஓர் ஆசிரியரின் பணியை எண்ணிவிடல் இயலாது. ஆயினும் பழகிய பணியாளர் நீங்காது நிற்றல் என்னும் நன்மை எவ்விடத்தும் பொருந்தும். ஒரு கழகத்தின் கணக்கையும் பதிவேட்டையும் பதினேழு ஆண்டு அறிந்தவர் வெளியேறுங்கால், அவரோடு வெளியேறும் அறிவை எந்த ஏட்டிலும் எழுதி வைத்தல் இயலாது. நாடோறும் நெடுந்தொலை பஸ்ஸில் வந்து போவார்க்கு மிஞ்சும் நேரமும், உடற்குறையுடையார்க்கும் பிணியாளரைப் பேணுவார்க்கும் பணி கைவிட்டுப் போகாமையும் ஏனைய நன்மைகளாம்.

தீமைகள்

ஒரு பொருளின் நன்மையை மட்டும் கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. மேற்கூறிய ஷாங்காய்ச் சோதனை முடிந்தபின், இனி விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்று விட்டபோது, வீட்டிலிருந்தாருள் ஏறக்குறையப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே மீண்டனர். தனிமை பொறுக்க இயலாமையே அதற்குரிய பெருங்காரணமாகச் சொல்லப்பட்டது. ஒத்த திறமையுடையாருள் வீட்டிலிருந்தார்க்குப் பதவி உயர்வு குறைந்ததும் காணப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாதார் தலைவரின் கருத்துக்கும் புலனாகார்போலும்.

இரண்டாவது தீமை வேலைக்கும் வீட்டுக்கும் இடைநின்ற வரம்பு அழிதல். முன்னர் மாலை ஐந்து மணிக்கு அலுவலகக் கதவு சாத்தப்பட்டது. கைப்பேசிக்கோ சாத்துங் கதவில்லை. இரவு பத்து மணிக்கு வரும் மின்னஞ்சலுக்கும் உடனே விடையிறுத்தல் கடமையென்று எண்ணப்படுகின்றது. இதனைத் தடுக்கப் பிரான்சு நாடு 2017ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்தும், ஆஸ்திரேலியா 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாளிலிருந்தும், பணிநேரம் கடந்தபின் தொடர்பை நிறுத்திக்கொள்ளும் உரிமையைத் தத்தம் சட்டத்தில் ஏற்றன.

மூன்றாவது, வீடு எல்லார்க்கும் ஒரே தன்மையது அன்று. தனியறையும் அமைதியும் உடையார் சிலர். அடுக்களையின் ஒரு மூலையே அலுவலகமாக உடையார் பலர். 2020ஆம் ஆண்டின் முதற் சில திங்களில் ஆராய்ச்சி இதழ்களுக்கு வந்த கட்டுரைகளுள் பெண் ஆராய்ச்சியாளர் எழுதியவற்றின் வீதம் குன்றிற்று என்று கணக்கிட்டறிந்தார் உளர். பள்ளிகள் மூடப்பட்டமையால் குழந்தைகளைப் பேணும் சுமை அவர்மேல் மிகுதியாக விழுந்ததே அதற்குக் காரணம் என்ப.

நான்காவது, நெகிழ்வு என்னும் பெயரால் நிலையின்மை புகுதல். முன் கூறிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்து கற்பித்த ஆசிரியர், அரை நூற்றாண்டுக் காலம் பாடத்துக்குப் பாடம் ஒப்பந்தம் பெறுவாராகவே இருந்தனர். அவர்தம் சங்கத்தின் நெடுமுயற்சிக்குப் பின், 2022ஆம் ஆண்டிலேதான் நாலாயிரத்துக்கு மேற்பட்டார் நிலையான பணியுரிமை பெற்றனர். இடம் நெகிழ்ந்தபோது உரிமையும் உடன் நெகிழ்ந்துவிடாமற் காத்தல் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

ஐந்தாவது தீமை மாணாக்கராகிய எமக்கு நேர்வது. ஒரு நூற்பாவின் உரையில் ஐயம் எழுந்தக்கால், ஆசிரியர் அறைக்கதவு திறந்திருக்கக் கண்டு உள்ளே சென்று கேட்ட ஐந்து நிமிடம், பல வேளை ஒரு மணி வகுப்பினும் மேலாக அமைந்தமையை யாம் அறிவோம். முன்னரே நேரம் குறித்துத் திரையிற் சந்திக்கும்போது, குறித்த வினாவைக் கேட்போமேயன்றிக் குறியாத வினா எழுவது அரிது. புதிதாய்ச் சேர்ந்த எழுத்தரும் அவ்வாறே அருகிருந்த முதியவரைப் பார்த்தே தொழில் கற்கின்றார்.

யாருக்கு உரியது நெகிழ்வு

நன்மையும் தீமையும் இவ்வாறு நிற்க, இனி எம் தொடக்க வினாவுக்கு வருவாம். பல்கலைக்கழகத்தில் நெகிழ்வு புதிதாக வருவதன்று. ஆசிரியர்பால் அது தொன்றுதொட்டே உள்ளது. வகுப்புநேரம் ஒழிந்த பொழுதில் அவர் எங்கிருந்து படிக்கின்றார், எப்பொழுது எழுதுகின்றார் என்று எவரும் கேட்பதில்லை. அவர் வேலை விளைவினால் அளக்கப்படுகின்றது. எழுத்தர் வேலையோ நாற்காலியில் இருந்த நேரத்தினால் அளக்கப்படுகின்றது. இவ்விரண்டு அளவுகோல்களே ஏற்றத்தாழ்வின் வேர்.

இதனை மாற்றும் வழி, பதவியைப் பார்த்து முடிவு செய்யாது, பணியைப் பகுத்துப் பார்த்து முடிவு செய்தலே என்பது எம் துணிபு. ஒரு நூலகரின் வேலையை எடுத்துக்கொள்வாம். நூற்பட்டியல் அமைத்தல், இதழ்களுக்குச் சந்தா அனுப்புதல், மின்னஞ்சலில் வரும் ஐயங்களுக்கு விடை தருதல் ஆகியவற்றை எங்கிருந்தும் செய்யலாம். நூல் வழங்குதலும், திரும்பி வந்தவற்றை அலமாரியில் அடுக்குதலும் அவ்விடத்தன்றி இயலா. தேர்வுப் பிரிவில் கால அட்டவணை வகுத்தலை வீட்டிலிருந்தும் செய்யலாம்; வினாத்தாளும் விடைத்தாளும் அறையைவிட்டு ஒருபோதும் வெளியேறல் ஆகாது. எனவே 'நூலகர்க்கு உண்டு, தேர்வுப் பிரிவார்க்கு இல்லை' என்று கூறுதல் பொருந்தாது. ஒவ்வொருவர் பணியிலும் பெயர்வது இது, நிலைப்பது இது என்று வரைந்துகொண்டு, பெயர்வனவற்றை ஓரிரு நாட்களில் தொகுத்துச் செய்ய விடுதலே முறை.

வீட்டுக்குப் பெயராத பணியே முழுதும் உடையார் நிலை யாது? ஆய்வுக்கூட உதவியாளர் அமிலப் புட்டிகளையும் கண்ணாடிக் கருவிகளையும் வீட்டிலிருந்து கழுவல் இயலாது. விடுதிச் சமையற்காரரும், துப்புரவாளரும், வாட்ச்மேனும் அத்தகையரே. இவர்க்கு இடநெகிழ்வு இல்லையாயினும் காலநெகிழ்வும் அளவுநெகிழ்வும் உண்டு. உதவியாளர் இருவர் தம்முள் ஒருவர் காலையில் முந்தியும் மற்றவர் மாலையில் பிந்தியும் இருக்க உடன்படலாம். வேலைமுறை அட்டவணையை ஒரு திங்களுக்கு முன்னரே எழுதி ஒட்டி, தம்முள் மாற்றிக்கொள்ள இசைவு தரலாம். பிள்ளையின் பள்ளிக்கூட்டத்துக்கும் பெற்றோரின் மருத்துவத்துக்கும் இரண்டு மணி நேரம் சென்று வந்து, பிறிதொரு நாள் ஈடு செய்ய விடலாம். இவற்றுக்குக் கணினியும் வேண்டா, பெருஞ்செலவும் வேண்டா. மேலாளரின் உள்ளம் ஒன்றே வேண்டும். பேராசிரியர்க்கு வீடும் எழுத்தர்க்கு மடிக்கணினியும் அளித்துவிட்டு, துப்புரவாளர்க்கு ஒன்றும் அளியாத கழகம் நெகிழ்வைக் கொண்டது என்று சொல்லப்படாது.

தடைவிடைகள்

'ஒருவர்க்குத் தந்தால் எல்லாரும் கேட்பர்' என்பது ஒரு தடை. எல்லாரும் கேட்கட்டும், எல்லார்க்கும் ஒன்றே தர வேண்டும் என்பது இல்லை. பலர் அலுவலகத்தையே விரும்புவர் என்பதை ஷாங்காய்ச் சோதனை காட்டிற்று. 'மேற்பார்வை இயலாது' என்பது மற்றொரு தடை. மூன்று திங்கள் சோதித்துப் பார்த்து, வேலை குன்றின் நிறுத்திவிடலாம் என்று ஏற்படுத்திக்கொண்டால் அத்தடை நீங்கும். 'முன்மாதிரி இல்லை' என்பது மூன்றாவது. ஆசான்மார் மணந்துகொள்ளுதற்கும் ஒருகாலத்து முன்மாதிரி போதியதாக இல்லை. எந்த முன்மாதிரியும் முதன்முறை செய்யப்படும் வரையில் இல்லாததே.

இவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு கழகம் கைக்கொள்ளத்தக்க விதிகள் ஐந்து என்பது பெறப்படும். எத்தரத்துப் பணியாளரும் எழுத்து மூலம் கேட்க இடந்தருதல் ஒன்று. குறித்த நாளுக்குள் காரணங் காட்டி விடை கூறுதல் இரண்டு. உறுதி செய்வதற்கு முன் சோதனைக் காலம் வைத்தல் மூன்று. நெகிழ்வு பெற்றார்க்கு ஊதியத்திலும் உயர்விலும் உரிமையிலும் குறைவு வாராமற் காத்தல் நான்கு. அனைவரும் கழகத்தில் இருக்கும் நாளையும், எவரையும் அழைக்கலாகாத நேரத்தையும் வரையறுத்து அறிவித்தல் ஐந்து. ஆசிரியரும் தாம் அறையில் இருக்கும் நாளைக் கதவில் எழுதி ஒட்டுவாராயின் மாணாக்கர் குறையும் பெரும்பாலும் தீரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான், பல்கலைக்கழகப் பணியில் நெகிழ்வு தொழிற்கும் பணியாளர்க்கும் நலம் பயப்பது என்பதும், வரம்பின்றி விடின் தனிமையும் ஓய்வின்மையும் நிலையின்மையும் விளைப்பது என்பதும், அதனைப் பதவி நோக்காது பணி நோக்கி யாவர்க்கும் ஏற்றவாறு பகிர்தலே நீதி என்பதும் போந்தன.

எம் பாட்டியார் சென்ற ஆண்டு மறைந்தார். அத்தையார் இப்பொழுது தம் வீட்டு முன்னறையில் இருந்தபடியே இரண்டு கடைகளுக்குக் கணக்கெழுதி வருகின்றார். அவர் விட்டுவந்த பிரிவில் அவர் இடத்துக்கு வந்த இளைஞர், பழைய ஏடுகளில் ஐயம் நேருந்தோறும் இன்றும் தொலைபேசியில் அவரையே கேட்கின்றார். அத்தையாரும், 'பாவம், புதுப் பிள்ளை' என்று சொல்லி, எந்த ஆண்டின் எந்தப் பற்றுச்சீட்டு எந்தக் கோப்பில் உள்ளதென்று பொறுமையாய் எடுத்துரைக்கின்றார். அந்தப் பணி இடம் பெயரக்கூடியதே என்பது இதனால் தெளிவாகின்றது. பெயர்ந்த பணிக்கு ஊதியமும் பதவியும் மட்டும் உடன் பெயரவில்லை. நாளை இக்கல்லூரியினின்று வெளியேறிப் பல அலுவலகங்களில் மேலாளராய் அமரவிருக்கும் எம் தோழர், தம் மேசைமேல் இத்தகைய விண்ணப்பம் ஒன்று வருங்கால், 'முன்மாதிரி இல்லை' என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் நின்று எண்ணுவாராக.